ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரிக்கு இணையக் குழுக்கள்: நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு எது தேறும்?

ப்ளஸ் டூ வகுப்பு தொடங்கிய சில நாளிலேயே ஒரு பிள்ளையின் போனில் மூன்று நான்கு கெமிஸ்ட்ரி குழுக்கள் ஏறிவிடுகின்றன. பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழு, டியூஷன் குழு, யாரோ அனுப்பிய லிங்க்கில் சேர்ந்த டெலிகிராம் சேனல், பணம் கட்டி வாங்கிய ஆப்புக்குள் இருக்கும் 'டவுட்' பகுதி. பாளையங்கோட்டைப் பிள்ளைக்கும் திசையன்விளைப் பிள்ளைக்கும் இந்தப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். இவற்றில் எது அந்தப் பிள்ளையை நோட்டைத் திறந்து பேனா எடுக்க வைக்கிறது? அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம்.

கல்வி ஆய்வாளர்கள் மாணவரின் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஃப்ரெட்ரிக்ஸ், ப்ளூமென்ஃபெல்ட், பாரிஸ் ஆகிய மூவர் 2004-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பிரிவு பரவலாகிவிட்டது. வந்து உட்காருவது ஒன்று, பிடித்துச் செய்வது இன்னொன்று, மூளையைக் கசக்குவது மூன்றாவது. ஒரு நாளைக்கு இருநூறு மெசேஜ் ஓடும் குழுவில் முதல் வகைதான் பெரும்பாலும் இருக்கும். 'ஓகே சார்', 'தேங்க் யூ மிஸ்', கட்டைவிரல், கைகூப்பல். இதைப் பார்த்து 'பிள்ளைகள் நல்லா ஆக்டிவா இருக்காங்க' என்று நினைத்துவிடுவது சுலபம்.

கெமிஸ்ட்ரிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-இல் சொன்னபடி இந்தப் பாடம் மூன்று தளத்தில் நடக்கிறது: கண்ணுக்குத் தெரியும் மாற்றம், அணு, மூலக்கூறு அளவில் நடப்பது, அதை எழுதும் குறியீடும் சமன்பாடும். போனில் சுலபமாகப் பயணிப்பது மூன்றாவது மட்டுமே. குடுவையில் நிறம் மாறுவதும், அங்கே எலக்ட்ரான் இடம் மாறுவதும் குழுவுக்குள் வருவதே இல்லை. இந்த இரண்டையும் உள்ளே கொண்டுவரும் குழு எதுவோ அதுவே தேறும்.

பள்ளி வாட்ஸ்அப் குழு

எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் ஒழுங்காக நடத்தினால் மட்டும். நாற்பது ஐம்பது பிள்ளைகள், அவர்களின் கையெழுத்தைக்கூட அடையாளம் தெரிந்த ஒரு ஆசிரியர் என்ற அமைப்பை எந்த ஆப்பும் விலைக்குத் தர முடியாது.

கெட்டுப்போவது எங்கே என்றால், ஒரே குழுவில் எல்லாவற்றையும் கொட்டுவதில். அயனிச் சமநிலையில் ஒரு சந்தேகம் எட்டு மணிக்கு வரும். எட்டே காலுக்கு 'நாளை யூனிஃபார்ம் கட்டாயம்', அதன் பின்னால் ஐம்பது 'ஓகே'. சந்தேகம் மேலே போய்விடும், கேட்ட பிள்ளை மறுபடி கேட்காது. அறிவிப்புக்கு, அட்மின் மட்டும் எழுதும்படி ஒரு குழு, சந்தேகத்துக்கு வேறு குழு என்று பிரித்தால் பாதி நோய் தீரும்.

அடுத்தது, சந்தேகம் கேட்கும் முறை. 'சார், ஆன்சர் வரவே மாட்டேங்கு சார்' என்று மட்டும் வந்தால் எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. முழு விடையையும் எழுதி அனுப்புவார், பிள்ளை அதை நோட்டில் இறக்கிவைக்கும், அவ்வளவுதான். பாட எண், பக்க எண், தான் போட்ட கணக்கின் படம், எந்த வரியில் நிற்கிறது என்ற குறிப்பு, இந்த நான்கும் இல்லாமல் கேள்வியே இல்லை என்று முதல் வாரத்திலேயே விதி போட்டுவிட வேண்டும். வரிகளுக்கு எண் போட்டு எழுதினால் 'மூணாவது வரியைப் பாரு' என்று ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லலாம். படம் பகல் வெளிச்சத்தில் அல்லது டியூப் லைட்டுக்கு நேர் கீழே, தலையின் நிழல் விழாமல், ஒரு கேள்விக்கு ஒரு படம். பென்சில் எழுத்து படத்தில் தெரியாது.

இதன் பலனை வேதிவினை வேகவியலில் வரும் ஒரு சாதாரணக் கணக்கிலேயே பார்க்கலாம். 298 கெல்வினிலிருந்து 308 கெல்வினுக்கு வெப்பநிலை உயரும்போது வினைவேக மாறிலி இரு மடங்காகிறது, கிளர்வு ஆற்றல் என்ன? 2.303, வாயு மாறிலி 8.314, இரண்டின் மடக்கை 0.3010 மூன்றையும் பெருக்கினால் 5.763 வரும். அதை 298 பெருக்கல் 308-ஆல் பெருக்கி, வித்தியாசமான 10-ஆல் வகுத்தால் சுமார் 52,900 ஜூல், அதாவது மோலுக்கு 52.9 கிலோ ஜூல். கேள்வித்தாளில் 25, 35 டிகிரி செல்சியஸ் என்று கொடுத்திருந்தால் சில பிள்ளைகள் அதையே அப்படியே போட்டுவிடும். அப்போது வருவது 504 ஜூல். இங்கே தப்பு கணக்கில் இல்லை, இரண்டாவது வரியில் கெல்வினுக்கு மாற்றாததில் இருக்கிறது. படம் இருந்தால் இது ஒரு நொடியில் தெரியும். படம் இல்லாமல் வெறும் 'ஆன்சர் வரல' என்றால் யாருக்கும் தெரியாது. ஆசிரியர் நல்லவராக இருந்தால் விடையைச் சொல்லமாட்டார். 'அரை கிலோ ஜூல் தடையைத் தாண்ட மூலக்கூறுக்குச் சூடு எதுக்குடே?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருக்கும் பத்து நிமிஷத்தில்தான் மற்ற பிள்ளைகள் உள்ளே வரும்.

நேரத்தையும் சொல்லியாக வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம், களக்காடு என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் பல வீடுகளில் போன் பிள்ளையுடையது அல்ல, அம்மாவுடையது அல்லது வேலைக்குப் போய் வரும் அண்ணனுடையது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேள்வி போட்டு ஆறு மணிக்குள் பதில் கேட்டால், போன் கையில் இருக்கும் பிள்ளைகளுக்கான குழுவாக அது சுருங்கிவிடும். இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை என்று ஒரே நேரத்தைப் பிடித்து, வாரத்தில் மூன்று நாள் நடத்தினால் போதும். மலையடிவாரக் கிராமங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் வீடியோ வேண்டாம், படமும் இரண்டு நிமிஷத்துக்கு உட்பட்ட குரல் பதிவும் போதும்.

பேசாத பிள்ளைகளைப் பற்றி அதிகம் பதற வேண்டாம். இணையக் குழுக்களில் நூறில் தொண்ணூறு பேர் படிப்பதோடு நிற்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவரே பெரும்பகுதியை எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதியது இன்றைக்கும் தோராயமாகப் பொருந்துகிறது. வாசித்துக்கொண்டே வரும் பிள்ளையும் கற்றுக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அது கற்றதா இல்லையா என்பது ஆசிரியருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் 'போல்' (poll, வாக்கெடுப்பு) வைத்துப் பார்க்கலாம் என்றால், யார் எதைத் தொட்டார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதலாவது வருகிற பிள்ளை எதைத் தொடுகிறதோ அதையே மற்றவர்களும் தொடுவார்கள்.

ஏ.ஐ. சாட்பாட்டில் கேட்டு வாங்கிய விடையைத் தன் கணக்குப் போல ஒட்டும் பழக்கம் இப்போது எல்லாக் குழுவிலும் இருக்கிறது. தடை போட்டு நிறுத்த முடியாது. நோட்டுப் படம் கட்டாயம் என்ற விதி இருந்தால், குறைந்தது கையால் ஒருமுறை எழுதியாக வேண்டி வரும்.

டெலிகிராம் சேனல்கள்

ஒரு டெலிகிராம் குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவின் உச்சம் 1024. அளவு பெரிதாகும்போது அது குழுவாக இருப்பதை விட்டுவிட்டுப் பி.டி.எஃப். குடோனாக ஆகிவிடுகிறது. ஒரு பாடத்துக்கு ஏழெட்டு மெட்டீரியல், அதில் பாதி ஒன்றுக்கொன்று நகல். இறக்கி வைப்பதே படித்த திருப்தியைத் தந்துவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. காலாண்டு, அரையாண்டுக்கு முந்தின இரவு 'ஒரிஜினல் கொஸ்டின்' என்று வரும் கோப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திறக்காமல் அழித்துவிடுவது உத்தமம்.

'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' பட்டியல்களும் இதே ரகம்தான். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. 15 ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஒன்பதில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் 'அல்லது' வைத்து ஐந்து. இரண்டிலும் மூன்றிலும் ஒவ்வொரு கட்டாய வினா உண்டு. பெரும்பாலும் கணக்கோ, கரிமச் சேர்ம மாற்றமோ அங்கேதான் வந்து உட்காரும். பட்டியலை மட்டும் நம்பிப் போன பிள்ளை மாட்டுவது அந்த இடத்தில்.

டெலிகிராமில் உருப்படியான ஒரு வசதி 'க்விஸ்' வகை வாக்கெடுப்பு. பெயர் தெரியாமல் பதில் சொல்லலாம், தப்பானால் உடனே தெரியும், விடைக்குப் பின்னால் 200 எழுத்துக்குள் ஒரு விளக்கமும் வைக்கலாம். கூச்சமுள்ள பிள்ளைக்கு இது வரம். பெரிய சேனல்களில் இந்த விளக்கப் பெட்டியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் குறை. விளக்கம் இல்லாத க்விஸ் வெறும் லாட்டரி.

தப்பான விடைக்குறிப்பு பரவுவதும் இங்கேதான் அதிகம். அணைவு வேதியியலில் ஓர் உதாரணம்: இரும்பு மூன்று நேர்மின்சுமையில் இருக்கும் ஹெக்ஸாஃப்ளூரிடோ அணைவின் படிகப்புல நிலைப்படுத்தும் ஆற்றல் எவ்வளவு? ஃப்ளூரைடு வலுக்குறைந்த ஈனி. எனவே ஐந்து டி எலக்ட்ரான்களும் தனித்தனியே நிற்கும். கீழ் மட்டத்தில் மூன்று, மேல் மட்டத்தில் இரண்டு. மூன்று பெருக்கல் மைனஸ் 0.4, இரண்டு பெருக்கல் ப்ளஸ் 0.6, கூட்டினால் பூச்சியம். இந்த இரண்டு வரிக் கூட்டல் 200 எழுத்துக்குள் அடங்கும். அதை எழுதாமல் 'விடை: ஆ' என்று மட்டும் போட்ட குறிப்பு தப்பாக இருந்தாலும், சரியாக இருந்தாலும் பிள்ளைக்கு ஒன்றுதான். சொந்தமாகச் சிறு சேனல் நடத்தும் ஆசிரியர் ஒரு நாளைக்கு மூன்று க்விஸ் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்று நிறுத்திக்கொண்டால் அது பெரிய சேனலின் முப்பது கேள்வியை விடப் பயன்படும்.

செய்முறைக்கு: ஓலேப்ஸ், ஃபெட்

அமிர்தா விஷ்வ வித்யாபீடமும் மும்பை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஓலேப்ஸ் தளத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் கோட்பாடு, செய்முறை, அசைபடம், சிமுலேட்டர், வாய்மொழி வினா எனத் தனித்தனியாக இருக்கும். ஆய்வக நாளுக்கு முந்தின இரவு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்கு அருமையான பொருள். ஆனால் அதை அப்படியே குழுவில் போட்டுவிட்டு நகர்ந்தால் குழப்பம் வரும்.

காரணம், தளம் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தை ஒட்டியது, கணக்கு மோலாரிட்டியில் (லிட்டருக்கு எத்தனை மோல்) போகும். நம் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளை ரெக்கார்டில் எழுதுவது நார்மாலிட்டியில் (லிட்டருக்கு எத்தனை சமான நிறை). ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். பிப்பெட்டில் 20 மில்லி ஆக்சாலிக் அமிலம், ப்யூரெட்டில் 0.1 நார்மல் பெர்மாங்கனேட், செலவானது 19.6 மில்லி என்றால் அமிலத்தின் வலிமை 0.098 நார்மல். சமான நிறை 63-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 6.174 கிராம். கேள்வி 500 மில்லிக்கு என்றால் 3.087 கிராம். இதே பெர்மாங்கனேட் மோலாரிட்டியில் 0.02. சி.பி.எஸ்.இ. வழியில் அமிலம் 0.049 மோலார், மோலார் நிறை 126-ஆல் பெருக்க அதே 6.174 கிராம். இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன என்று குழுவில் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டாவிட்டால், 63-ஐயும் 126-ஐயும் மாற்றிப் போட்டு மதிப்பெண்ணை விடும் பிள்ளைகள் கண்டிப்பாக இருப்பார்கள். கடைசியில் பாதியாக்க மறப்பது தனிக் கதை.

சிமுலேட்டர் கற்றுத் தராத விஷயங்களுக்குத்தான் குழு வேண்டும். ஆக்சாலிக் அமிலக் கலவையில் 2 நார்மல் கந்தக அமிலம் போதுமான அளவு சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கித்தான் தரம்பார்க்க வேண்டும். அமிலம் குறைந்தாலோ, சூடு ஆறிப்போனாலோ, ப்யூரெட்டை வேகமாகத் திறந்தாலோ கலவை பழுப்பாகக் கலங்கும். மாங்கனீசு டையாக்சைடு வந்துவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். முதல் துளிகளின் நிறம் போகத் தாமதமாகும், பிறகு சட்டென்று போகும். வினையில் உருவாகும் மாங்கனஸ் அயனியே வினையை முடுக்குவதுதான் காரணம். தன்வினையூக்கத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் பாடப்புத்தகத்தில் இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது? பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், அளவு கூடிவிடும். பெர்மாங்கனேட் அடர் நிறக் கரைசல் என்பதால் ப்யூரெட்டில் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும் என்பதும், ப்யூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழ் நின்றால் முதல் அளவு பொய்யாகிவிடும் என்பதும் இதோடு சேர்த்தி.

ஆய்வக நாளன்று ஒவ்வொரு ஜோடியும் தங்கள் அளவீட்டு அட்டவணையையும், வெள்ளைத் தாள் மேல் வைத்த குடுவையின் படத்தையும் அன்று இரவே குழுவில் போட வேண்டும் என்று வைத்தால், முடிவு நிலை இளஞ்சிவப்பு எவ்வளவு வெளிறியிருக்க வேண்டும் என்பது நூறு வார்த்தையில் சொல்வதைவிடத் தெளிவாகிவிடும். அடர் ரோஜா நிறத்தில் நிற்கும் குடுவையைப் பார்த்து 'ஏல, நீ ஓவரா விட்டுட்ட' என்று இன்னொரு பிள்ளையே சொல்லும். ஆசிரியர் சொல்வதைவிட அது நன்றாக ஏறும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற சிமுலேஷன் தளம், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. முற்றிலும் இலவசம், பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு, ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அரசுப் பள்ளி ஹைடெக் லேபில் போட்டுவைக்க இதைவிடத் தோதானது இல்லை. ஆனால் பிள்ளையிடம் சும்மா கொடுத்தால் பட்டன்களைத் தட்டி விளையாடிவிட்டு மூடிவிடும். முந்தின இரவு குழுவில் ஒரு ஊகக் கேள்வி போட வேண்டும். பிஹெச் 3 உள்ள வலிமையான அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் 4, நூறு மடங்கு நீர்த்தால் 5. அப்படியானால் பிஹெச் 6 உள்ளதை ஆயிரம் மடங்கு நீர்த்தால் 9 ஆகுமா? வகுப்பில் பாதிப்பேர் ஆகும் என்றே சொல்வார்கள். மறுநாள் 'பிஹெச் அளவுகோல்' சிமுலேஷனில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் 7-ஐத் தாண்டாது. தண்ணீரே தரும் ஹைட்ரஜன் அயனியை மறந்துவிட்டோம் என்பது அப்போது உறைக்கும். ஊகத்தை எழுத்தில் போட்டுவிட்டதால் தப்பிக்கவும் முடியாது. கெமிஸ்ட்ரியில் ஈடுபாட்டை உண்டாக்க இந்த ஒரு பழக்கம் போதும் என்றே சொல்லுவோம்.

இந்தச் சீமையில் இதற்குக் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பதநீர்க் கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள், தடவாவிட்டால் மாலைக்குள் ஏன் கள்ளாகிறது? ஒரே சோப்பு ஆற்றுத் தண்ணீரில் நுரைத்து, கிணற்றுத் தண்ணீரில் ஏன் திரிகிறது? தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் சூளைக்குப் போய் வெளிவருவதற்குள் எந்த வாயு போகிறது? வாரத்துக்கு ஒன்று போட்டால், எப்போதும் வாய் திறக்காத பனையேறி வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் குழுவின் ஆசிரியராகிவிடும். கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போய், அங்கே பார்த்ததைப் பற்றிக் குழுவில் கேள்வி வைப்பதும் நல்ல பலன் தரும்.

மற்றவை

கெமிஸ்ட்ரி ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தரத்தில் உயர்ந்தது, ஆனால் எல்லாம் ஆங்கிலம். வீட்டுப்பாடக் கேள்வியை முயற்சி காட்டாமல் போட்டால் மூடிவிடுவார்கள். நீட், ஜே.இ.இ. எழுதும் பிள்ளை தேடிப் படிக்கலாம், தமிழ்வழிப் பிள்ளைக்கு இப்போதைக்கு அவசரமில்லை. கல்வித் தொலைக்காட்சி வீடியோக்கள், பாடப்புத்தகத்தின் க்யூ.ஆர். கோடு வழியாகத் திறக்கும் தீக்‌ஷா, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி ஆப் மூன்றும் இலவசம், நம் பாடத்திட்டத்தையே பேசுபவை. பார்த்துவிட்டுக் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை என்பதால், வகுப்புக் குழுவில் 'இந்த வீடியோவில் நான்காவது நிமிஷம்' என்று குறிப்பிட்டு விவாதித்தால்தான் முழுப் பலன்.

பணம் கட்டும் ஆப்களில் சேருமுன் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சந்தேகத்துக்குப் பதில் சொல்வது பாட ஆசிரியரா, தயாராக வைத்த விடைத் தொகுப்பா, இயந்திரமா? எத்தனை மணி நேரத்தில்? மாநிலப் பாடத்திட்டத்தின் 15 அலகுகளும் உண்டா, அல்லது நீட் பாடத்துக்கே பெயர் மாற்றி வைத்திருக்கிறார்களா? பாதியில் நிறுத்தினால் பணம் எந்தக் கணக்கில் திரும்பும்? 'மாதத் தவணைதான்' என்று சொல்லி வீட்டிலேயே வந்து கையெழுத்து வாங்கினால், பல நேரம் அது ஒரு நிதி நிறுவனத்தோடு போடும் கடன் ஒப்பந்தமாக இருக்கும். பிள்ளை ஆப்பை அழித்தாலும் தவணை வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

பெண்பிள்ளைகள் இருக்கும் குழுக்களுக்கு ஒரு வேலை பாக்கி. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் எல்லோர் நம்பரும் தெரியும். வகுப்புக்கு வெளியிலிருந்து யாரையும் லிங்க் வழியாகச் சேர்க்காமல் அட்மினே சேர்க்க வேண்டும். தெரியாதவர்கள் இருக்கும் பெரிய குழு என்றால் டெலிகிராமே மேல். அதில் செட்டிங்ஸ், பிரைவசி, போன் நம்பர் என்று போய் 'யாருக்கும் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சுயவிவரப் படத்தையும் எடுத்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள். அம்மாவின் போனில் சேருவதாக இருந்தால் இதை அம்மாவின் கணக்கில் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம்.